இலையில் குத்திய முள்

உச்சிமலைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் இருந்தது. கணவன் பெயர் ஈட்டியப்பன். மனைவி பெயர் சிலும்பாயி. பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் மொத்தமே இரண்டு பேர்தான்.

இரண்டே பேர் என்றாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அபூர்வமாக இருந்தது. அந்தக் காட்டில் சிங்கராசாவுக்கு உழைத்தால்தான் குடியிருக்க வளை கிடைக்கும். ஈட்டியப்பனுக்கு இரவு முழுக்க ராசாவின் பலாத்தோப்பில் காவல். சிலும்பாயிக்குப் பகல் முழுக்க ராசாவின் களஞ்சியத்துக்குக் கிழங்கு தோண்டும் வேலை. அவள் திரும்பி, அவன் கிளம்புவதற்குள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் இருவருக்கும் சொந்தமாகக் கிடைத்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் இரை தேட யாருக்குத் தெம்பு இருக்கும்? மலைப்பாதையில் சுற்றுலாக்காரர்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போவார்கள். வீசி எறிந்த பரோட்டாத் துண்டும் சிப்ஸும் பொறுக்கித் தின்பார்கள். தின்றுகொண்டே ஈட்டியப்பன், தோப்பில் தன்னை வேலை வாங்கும் கரடி மேஸ்திரியைப் போலக் குறட்டை விட்டுக் காட்டுவான். சிலும்பாயி வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

கண்டதைத் தின்றால் உடம்பு சும்மா இருக்குமா? ஈட்டியப்பனுக்கு வயிறு உப்பியது. முள் கொட்ட ஆரம்பித்தது. ஒருநாள் அவன் படுத்த சருகில் ஒரு கை முள் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துச் சிலும்பாயி பயந்து போனாள்.

"இனிமே அந்தக் குப்பையைத் தொடக் கூடாது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நமக்கு லீவுதானே? அன்னிக்கே பதினாலு நாளைக்குச் சாப்பாடு செஞ்சு வச்சிடறேன்" என்றாள்.

"பதினாலு நாள் எப்படிக் கெடாம இருக்கும்?"

"மேலே பனிப்பொந்து எதுக்கு இருக்கு?"

அவர்கள் வளைக்குப் பக்கத்தில் பாறை இடுக்கு ஒன்று இருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத இடம். உள்ளே எப்போதும் பனி கல்லாக உறைந்து கிடக்கும். அதில் வைத்த எதுவும் கெட்டதாகச் சரித்திரம் இல்லை.

ஈட்டியப்பன் உதிர்ந்த முள்ளை ஒருபக்கமாக ஒதுக்கினான். பிறகு, "அப்போ சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடறது?" என்று கேட்டான்.

"உடம்பு நல்லா இருந்தா, அப்புறம் காலம் பூரா சேர்ந்து சாப்பிடலாங்க."

அடுத்த பௌர்ணமியன்று சிலும்பாயி உட்காரவே இல்லை. வள்ளிக்கிழங்கை மசித்தாள். மூங்கிலரிசியை ஊற வைத்தாள். அத்திப்பழமும் நெல்லிக்காயும் சேர்த்துப் பிசைந்தாள். அளவாக மந்தாரை இலையில் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றையும் தன் மெல்லிய முள்ளால் தைத்தாள். இடப்பக்கம் அவனுக்குப் பதினாலு. வலப்பக்கம் அவளுக்குப் பதினாலு. பனிப்பொந்து நிறைந்ததைப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

"சாப்பிட்டதும் இலையை மடிச்சு, உங்க முள்ளு ஒண்ணைக் குத்திப் பொந்து வாசல்ல வச்சிடுங்க. அதைப் பார்த்தா நீங்க சாப்பிட்டீங்க, நல்லா இருக்கீங்கன்னு நான் தெரிஞ்சுக்குவேன்" என்றாள்.

வளையில்தான் உதிர்ந்த முள் நிறையக் கிடந்ததே. அவனும் சரி என்றான்.

ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. இவர்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்று கரடி மேஸ்திரியின் காதுக்கு எட்டிவிட்டது. "இரை தேடற வேலை இல்லியாமே? அப்போ நீ சீக்கிரம் வா" என்று ஈட்டியப்பனிடம் சொல்லிவிட்டார். களஞ்சியத்திலும் சிலும்பாயியை இருட்டும் வரை நிறுத்திவைத்தார்கள். மிச்சம் பிடித்த நேரமெல்லாம் ராசாவுக்கே போயிற்று.

அவள் வரும்போது அவன் போயிருப்பான். அவன் வரும்போது அவள் போயிருப்பாள். பொந்து வாசலில் மடித்து வைத்த இலை மட்டும் இருக்கும். அதில் அவன் முள் இருக்கும். அவன் படுத்திருந்த சருகு இளஞ்சூடாக இருக்கும். சிலும்பாயி அதன்மேல் படுத்துத் தூங்கிவிடுவாள்.

இப்படி ஆறு மாதம் ஓடியது. லீவு நாளில் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கும் மசிப்பதும் பிசைவதும் தைப்பதுமாகப் பொழுது போய்விடும்.

ஒரு பௌர்ணமி முடிந்து மூன்றாம் நாள். இலையில் குத்தியிருந்த முள்ளைப் பார்த்துச் சிலும்பாயி அசந்து போனாள். வழக்கமாக வைக்கும் பழைய மங்கல் முள் இல்லை. தடிமனாக, பளபளவென்று, நல்ல கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது.

"சாப்பாடு உடம்புல ஒட்டுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த முள்ளையும் அதற்குப் பின் வந்தவற்றையும் வளைச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தாள்.

மறுநாளும் அப்படியே ஒரு நல்ல முள். அதன் அடியில் மட்டும் துளி ரத்தம் காய்ந்திருந்தது. அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. வேலை கடுமை போலிருக்கிறது, அடுத்த முறை நெல்லிக்காயைக் கூடச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். பாவம், அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

நல்ல முள் வர ஆரம்பித்த மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அடியில் ரத்தம் இருந்தது. அசதியில் இத்தனை நாள் கவனிக்காமல் விழுந்து தூங்கியவள், ஐந்தாம் நாள்தான் அவன் படுக்கும் சருகைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. மழை பெய்கிறதே, சூடு எங்கே தங்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். இலை காலியாக இருக்கிறது. முள் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஒன்பதாம் நாள் மடித்த இலையைக் கையில் எடுத்தபோது கலகலவென்று சத்தம் கேட்டது.

இலையில் குத்தியிருந்தது முதுகு முள் இல்லை, வால் முள் ஒரு கொத்து. உள்ளே கூடாக இருக்கும் அந்த முள்ளை ஆட்டித்தான் முள்ளம்பன்றி தன் வரவைச் சொல்லும். ஈட்டியப்பன் வளைக்குள் நுழையும்போதெல்லாம் அதை ஆட்டிக்கொண்டுதான் வருவான். அதை யாரும் விளையாட்டுக்குப் பிடுங்கி இலையில் குத்த மாட்டார்கள்.

மறுநாள் சிலும்பாயி வேலைக்குப் போகவில்லை. ஆறு மாதத்தில் முதல் தடவை. பாறைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தாள். வரவேண்டியவன் வந்து, "ஏன் புள்ள வேலைக்குப் போகல?" என்று அதட்டினால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

வெயில் ஏறிய பிறகு ஒருவன் வந்தான். ஈட்டியப்பன் இல்லை. பதுங்கன் என்ற மரநாய். வாயில் ஒரு முள்ளைக் கவ்விக்கொண்டிருந்தான். நேராகப் பொந்துக்குள் போய் இடப்பக்கத்துப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். பாறைமேல் வைத்து, வெயிலில் இளக விட்டுச் சாவகாசமாகச் சாப்பிட்டான். பிறகு இலையை மடித்து அந்த முள்ளை அழகாகக் குத்தினான்.

முள்ளெல்லாம் சிலிர்க்கச் சிலும்பாயி வெளியே வந்தாள். மரநாய் பாறையோடு ஒட்டிக்கொண்டான். ஓட வழியில்லை.

"அவர் எங்கே?"

"குத்திடாதே அக்கா, சொல்லிடறேன். பலாத்தோப்புப் பாதையில மனுஷங்க பன்றிக்குழி வெட்டியிருக்காங்க. அதுல விழுந்து கால் முறிஞ்சு கிடக்கார்."

"எப்போ விழுந்தார்?"

"இன்னியோட பத்து நாள். அந்த வழியாப் போனேன். 'இந்த முள்ளை என் பொண்டாட்டிகிட்ட காட்டு, ஓடி வந்துடுவா'ன்னு குடுத்தார். சத்தியமா உன்கிட்ட குடுக்கத்தான் வந்தேன். இங்கே மடிச்ச இலையும் முள்ளும் கிடந்தது. பொந்துல அவ்வளவு சாப்பாடு. எனக்குப் பசி, அக்கா."

"அப்புறம் தினமும் ஒரு முள்ளு?"

பதுங்கன் தலை குனிந்தான். "முள்ளு இல்லேன்னா நீ தேடிக்கிட்டு வந்துடுவே. அதுக்காக அவர்கிட்ட, 'அவ நம்பலே, உதிர்ந்த முள்ளா இருக்கும்னு சொல்றா'ன்னு சொன்னேன். அதான் பிடுங்கிப் பிடுங்கிக் குடுத்தார். நேத்து, 'இதைக் காட்டு, இதுக்கு மேல அவ சந்தேகப்பட மாட்டா'ன்னு வால் முள்ளைக் குடுத்தார். இன்னிக்கு அவர் ஒண்ணும் பேசலே. நானே எடுத்துக்கிட்டேன்."

"தோப்புல யாருமே தேடலியா?"

"மேஸ்திரி மறுநாளே வேற ஆள் போட்டுட்டார்."

"எங்க சாப்பாட்டைத் தின்னியே, அதுல ஒரு வாய் அவருக்குக் குடுத்தியா?"

"குடுக்கணும்னுதான் தினமும் நெனச்சேன்" என்றான் மரநாய்.

அவனைக் குத்திக் கிழிக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. இடப்பக்கத்திலிருந்து ஒரு பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு ஓடினாள்.

குழி ஆழமாக இருந்தது. சிலும்பாயி கரையைத் தோண்டிச் சரிவு இறக்கினாள். ராசாவுக்காகத் தோண்டித் தோண்டிப் பழகிய கைகள். அன்றைக்குத்தான் தன் வீட்டு வேலைக்கு உதவின.

ஈட்டியப்பன் மழைத் தண்ணீர் தேங்கிய மூலையில் சாய்ந்து கிடந்தான். முள் பிடுங்கிய இடமெல்லாம் புண்ணாக இருந்தது. வால் மொட்டையாக இருந்தது. அவள் வாசம் பட்டதும் கண்ணைத் திறந்தான்.

"வந்துட்டியா புள்ள? அனுப்பின முள்ளெல்லாம் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. எல்லாமே கிடைச்சுது."

"அப்புறம் ஏன் நீ வரல?"

சிலும்பாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல்ல சாப்பிடுங்க" என்று பொட்டலத்தைப் பிரித்து அவன் வாயருகே வைத்தாள். அது கல்லாக இருந்தது. அவன் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இருங்க, இருங்க, இப்போ இளகிடும்" என்றாள். அதை எடுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். குளிர் அவள் குடல் வரை போயிற்று. மூச்சுக்காற்றை ஊதி ஊதிச் சூடாக்கினாள். அவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கரடி மேஸ்திரியைப் போலக் குறட்டை விட்டுக் காட்டச் சொன்னாள். முதலில் அவன் லேசாக உறுமினான். பிறகு அதுவும் இல்லை.

பொட்டலம் இளகி, நெல்லிக்காய் வாசம் வந்தபோது சாப்பிட அவன் இல்லை.

சாயங்காலம் சிலும்பாயி தனியாக வளைக்குத் திரும்பினாள். சுவரில் அவள் ஆசையாகக் குத்தி வைத்த முள்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அவளைக் கூப்பிட்ட குரல். அவற்றைப் பார்த்துத்தான் அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். பனிப்பொந்தின் இடப்பக்கத்தில் ஒரே ஒரு பொட்டலம் மீதி இருந்தது. தைத்த அன்று இருந்ததைப் போலவே கொஞ்சமும் கெடாமல் இருந்தது. அவள் அதை எடுக்கவும் இல்லை, தின்னவும் இல்லை.

ஆகையால், வீட்டில் இருப்பவர் நலமாக இருக்கிறாரா என்பதை அவர் காலி செய்து வைத்த தட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தினமும் ஒரு தடவையாவது அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.