பருந்துக்கோட்டையின் உள்தாழ்ப்பாள்

முன்னொரு காலத்தில், கொடுத்த வாக்கும் தவறக்கூடாது, மீசையும் இறங்கக்கூடாது என்று அடம்பிடிக்கும் ராஜா ஒருவர் இருந்தார். போர் ஓய்ந்து, பருந்துக்கோட்டையை அண்டை நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதாக ஓலையும் எழுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சூரியன் உதித்ததும் கோட்டை அவர்களுடையது. அதன்பின் உள்ளே அகப்படும் நம் ஆள் அவர்களுக்குக் கைதி.

ராஜா மீசையை முறுக்கினார். "முந்நூறு வீரரும் விடியுமுன் வெளியேற வேண்டும். ஆனால் திறந்துபோட்டு ஓடினோம் என்று ஊர் பேசக்கூடாது. கதவு உள்ளே தாழிட்டிருக்க வேண்டும். அவர்கள் படை தட்டித்தான் நுழைய வேண்டும்!"

உள்ளே ஆளில்லாமல் உள்தாழ் எப்படி விழும்?

"வாசல்காவலன் சடைமாயன் உள்ளே நிற்கட்டும், மன்னவா," என்றார் தளபதி கோளரியார். ஓர் ஆள் போனால் என்ன என்ற நினைப்பு அவருக்கு. சடைமாயன் மனைவிக்கோ நிறைமாதம்.

"ஒருத்தரையும் விட்டுட்டு வரமாட்டேன் மகாராஜா. முந்நூறு பேரையும் நான் கூட்டிட்டு வரேன்," என்றான் அரண்மனை விகடன் குப்பாண்டி.

தளபதிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "முடியாவிட்டால் நீயே உள்ளே நின்று தாழ் போடு!"

"ஆகட்டும்."

குப்பாண்டி நேரே அண்டை நாட்டுப் பாசறைக்குப் போனான். "ஐயா, பால் காய்ச்சாமலா புதுவீடு புகுவீங்க? வெள்ளி விடிஞ்சா அஷ்டமி. விடியுமுன்னே நல்ல முகூர்த்தம் இருக்கு, நாலு பேரை அனுப்புங்க," என்றான்.

அவர்கள் படைத்தலைவர் பதறிப்போனார். "நல்லவேளை சொன்னீரய்யா!"

வெள்ளி விடியுமுன்னே அவர்களுடைய சமையற்காரர் நால்வர் பால்குடத்தோடு வலதுகால் வைத்து உள்ளே வந்தார்கள். நம்மவர் முந்நூறு பேரும் வெளியே போனார்கள். கடைசியாக வந்த குப்பாண்டி வாசலில் நின்று, "பால் பொங்கும்போது கண்ணு படக்கூடாது. தாழைப் போட்டுக்குங்க!" என்றான். தாழ் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தான்.

சூரியன் உதித்தது. அண்டை நாட்டுப் படை முரசறைந்து வந்து, தன் கோட்டைக் கதவைத் தானே தட்டியது.

"பொறுங்க, பால் இன்னும் பொங்கல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அரண்மனை முற்றத்தில் தளபதி தலைகளை எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார். "இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது! ஒருவனை விட்டுவிட்டு வந்திருக்கிறான், மன்னவா!"

"சடைமாயனா? பொண்டாட்டிக்கு வலி கண்டிருச்சுன்னு வர்ற வழியிலேயே வீட்டுக்கு ஓடிட்டான்," என்றான் குப்பாண்டி.

"அப்படியானால் தாழ் போட்டது யார்?" என்று கேட்டார் ராஜா.

"வீட்டுக்காரங்கதான் மகாராஜா."

ராஜா மீசை குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டி கழுத்தில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன அசடா?

"சடைமாயனுக்கு ஒரு கறவைப் பசுவை ஓட்டிப்போங்கள்," என்றார் ராஜா. "அவன் வீட்டிலும் பால் பொங்கட்டும்!"