சிம்மாசனத்துக்கு முன்னால் ஒரு திரை

செம்பாறை நாட்டு ராஜா வல்லபராயர் நல்லவர்தான். யோசித்துச் சட்டம் போடுகிற பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

ஒருநாள் நாடகக்காரர் ரங்கையா சபைக்கு வந்து கண்ணைக் கசக்கினார். தன் பாட்டையும் கதையையும் ஊரெல்லாம் திருடுகிறார்களாம். ராஜாவுக்கு மனசு இளகிவிட்டது. அங்கேயே சட்டம் போட்டார். "இது என்னுடையது" என்று யார் புகார் கொடுத்தாலும் போதும், காவலர்கள் உடனே அந்த மேடையைக் கறுப்புத் திரை போட்டு மூடிவிட வேண்டும். விசாரணை பத்தாம் நாள்.

வசந்தத் திருவிழா வந்தது. மொத்தமே ஐந்து நாள். ரங்கையாவின் கொட்டகையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எதிரே பாவைக்கூத்து நடத்தும் வீராயியின் கொட்டகையில் உட்கார இடமில்லை. முதல் நாளே ரங்கையா புகார் கொடுத்தார். வீராயியின் பொம்மை ராஜா மீசையை முறுக்குகிறதாம். தன் நாடகத்து ராஜாவும் மீசையை முறுக்குவாராம். திரை விழுந்தது.

வீராயி ஏகாம்பரத்தைத் தேடிப் போனாள். அரசவையில் ஏகாம்பரத்துக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏதாவது குழப்பம் வந்தால் ராஜா அவரைக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

"ஐயா, வருஷத்துல இந்த அஞ்சு நாள்தான் எங்க பொம்மைங்களுக்கு வேலை. பத்தாம் நாள் ஜெயிச்சு நான் என்ன பண்ண? காலி மைதானத்துல யாருக்குக் கூத்துக் காட்ட?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏகாம்பரம் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பார்.

மறுநாள் ராஜாவின் பிறந்தநாள். சபை நிறைந்திருந்தது. கட்டியக்காரன் வழக்கம்போல, "நிகரில்லாத அழகே, நிலவும் நாணும் முகமே" என்று ராஜாவைப் புகழத் தொடங்கினான். தொடங்கியதுதான் தாமதம். நான்கு காவலர்கள் வந்து சிம்மாசன மேடைக்கு முன்னால் கறுப்புத் திரையைக் கட்டினார்கள்.

"யார் கொடுத்த புகார்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நான்தான் மகாராஜா," என்றார் ஏகாம்பரம். "அந்த வார்த்தைகள் என்னுடையவை. பெண் பார்க்கப் போனபோது என் மனைவியிடம் சொன்னவை."

"நிஜமாகவா?"

"அது பத்தாம் நாள் விசாரணையில் தெரியும்."

"அதுவரை நான் என்ன செய்வது?"

"வீராயி செய்வதையே செய்யலாம் மகாராஜா. அவளும் திரைக்குப் பின்னால் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள்."

ராஜா அமைச்சரைக் கேட்டார். சட்டத்தில் ராஜாவுக்கு விலக்கு எழுதவில்லை என்றார் அமைச்சர். பிறந்தநாள் பாயசம் திரைக்கு அடியில் உள்ளே போனது. பாதிப் பாயசத்திலேயே ராஜா சட்டத்தின் ஓலையைக் கேட்டு வாங்கித் திருத்தினார். இனி விசாரணை அன்றைக்கே. அது முடியும்வரை புகார் கொடுத்தவர் மேடைக்கும் திரை. எழுத்தாணியை அவர் கீழே வைப்பதற்குள் சபையில் இருந்த ரங்கையா தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சேதி கேட்டதும், வாசலில் காத்திருந்த வீராயி அங்கே நிற்கவில்லை, கொட்டகைக்கு ஓடிவிட்டாள்.

"இப்போது உன் புகாரை விசாரிப்போம்," என்றார் ராஜா.

இதை ஏகாம்பரம் எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவி செண்பகவல்லியைச் சாட்சிக்கு அழைத்து வந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது கணவர் அப்படிச் சொன்னாரா என்று அமைச்சர் கேட்டார்.

"இவரா? சொஜ்ஜிக்கு நெய் பத்தலைன்னு சொன்னாரு," என்றாள் அவள். "இந்த வார்த்தையெல்லாம் நான் இப்பத்தான் கேக்குறேன்."

திரை குலுங்கியது. உள்ளே ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். வார்த்தைகள் அரண்மனைக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. வீராயிக்காகச் சொன்ன பொய் என்பதால் ஏகாம்பரத்துக்குத் தண்டனை இல்லை, பரிசுதான். அந்த வார்த்தைகளை அவர் வீட்டில் தினம் ஒருமுறை சொல்லிக்கொள்ள ராஜா அனுமதி கொடுத்தார். அதை எழுதித் தரும்படி செண்பகவல்லி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை வீராயியின் கொட்டகையில் பொம்மை ராஜா தாராளமாக மீசையை முறுக்கியது. நிஜ ராஜா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பின்வரிசையில் செண்பகவல்லி கணவர் பக்கம் சாய்ந்து, மடியிலிருந்து ஓலையை எடுத்துக் காட்டினாள்.

"இன்னிக்கு உள்ளது இன்னும் வரலையே," என்றாள்.