முதல் பக்கம், இரண்டாவது பாட்டு

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில் அபயாம்பாள் சென்னையில் இருந்தாள். சபாக்களில் கச்சேரி நடக்கும் மாதம். ஞாயிறு காலையில் செய்தி வந்தது. மாலைக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கை ஆயிரங்களுக்குப் போய்விட்டது. அவள் பிறந்த நாகப்பட்டினக் கரைதான் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தது.

தை மாதம் பாடகர்கள் சிலர் சேர்ந்து நிவாரணத்துக்காக ஒரு கச்சேரி நடத்தினார்கள். அதைப் பதிவு செய்து கேசட்டாக வெளியிடுவது, வருவதெல்லாம் கடற்கரை மக்களுக்கே என்று ஏற்பாடு. அபயாம்பாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கினார்கள். ஐம்பத்தோரு வயதில் அவளுக்குப் பெரிய பேர் என்று எதுவும் இல்லை. கூப்பிட்டார்கள், போனாள்.

மேடையில் அன்று ஒன்று நடந்தது.

காம்போதி ராகத்தில் ஒரு பிடி உண்டு, அந்த ராகத்துக்கே உரிய ஒரு ஸ்வரக்கோவை. அவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த நீலாயதாட்சி அதை மூச்சு விடுவதுபோல் பாடுவாள். அபயாம்பாள் முப்பது வருடம் முயன்றும் அது அவள் குரலில் அமர்ந்ததில்லை. அன்று தானாக வந்து அமர்ந்தது. அவள் திகைத்து, இன்னொரு முறை பாடிப் பார்த்தாள். மறுபடியும் வந்தது. அதன் பிறகு அவள் சபையைப் பார்க்கவில்லை. எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பதும் நினைவில் இல்லை. பாடி முடித்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேசட் பங்குனியில் வெளிவந்தது. முதல் பக்கத்தில் இரண்டாவது அவள் பாட்டு. கேட்டவர்கள் எல்லோரும் அதையே சிறப்பாகச் சொன்னார்கள். பேர் தெரியாதவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவளைக் குத்தியது. செத்தவர்களின் பேரைச் சொல்லிக் கூட்டிய மேடையில் தன் வாழ்நாளின் மிகப் பெரிய சந்தோஷத்தை அனுபவித்தவள் என்று தன்னைப் பற்றி நினைத்தாள். தம்பூராவைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள்.

சித்திரையில் மறுபதிப்புக்கு அனுமதி கேட்டுக் கடிதம் வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. அவள் பாட்டு இல்லாமல் கேசட் போகாது என்று ஏற்பாட்டாளர்கள் கெஞ்சினார்கள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினாள்.

நீலாயதாட்சி அவளைவிட ஏழு வயதுதான் மூத்தவள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அபயாம்பாளுக்குத் தன் பதினாறு வயதிலிருந்தே அவள் அக்கா.

அபயாம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். நீலாயதாட்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"கேசட்டை நீங்க கேட்டீங்களா அக்கா?"

"கேட்டேன்."

"அந்தப் பிடி?"

"வந்திருக்கு."

அபயாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தனை பேர் செத்துக் கிடக்கும்போது எனக்குச் சந்தோஷம் வந்துச்சே. நான் என்ன மனுஷி? அந்தப் பாட்டு வெளியில இருக்கலாமா?"

நீலாயதாட்சி கீரையை முறத்தோடு உள்ளே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"குடையை எடுத்துக்க. ஒருத்தரைப் பார்த்துட்டு வருவோம்."

கடலுக்கு அரை மைல் தள்ளி, வீடிழந்தவர்களுக்குத் தார் அட்டையில் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். வரிசை வரிசையாக, ஒரே அளவில். வெயிலில் தார் இளகி வாடை அடித்தது. நீலாயதாட்சியைப் பார்த்ததும் ஆட்கள் வழிவிட்டு வணக்கம் சொன்னார்கள்.

கடைசி வரிசையில் ஒரு கொட்டகைக்கு முன்னால் அபயாம்பாள் நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்துகொண்டிருந்தது. காம்போதி.

முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி டேப் ரெக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்தாள். பாய் விரித்தாள். அவளுடைய புருஷனும் இரண்டு பெண் குழந்தைகளும் ஒரே காலையில் போனவர்கள் என்று வரும் வழியிலேயே நீலாயதாட்சி சொல்லியிருந்தாள்.

"இவங்க என் சிநேகிதி. பாடுவாங்க" என்றாள் நீலாயதாட்சி. பிறகு அபயாம்பாளைப் பார்த்து, "இவளுக்கு ஒண்ணு பாடேன்" என்றாள்.

டேப்பில் இருப்பவள் தான்தான் என்று சொல்ல அபயாம்பாளுக்கு வாய் வரவில்லை. அந்த மேடையில் எதைப் பாடியிருக்க வேண்டும் என்று இத்தனை மாதமாக நினைத்து மருகினாளோ அதையே பாடினாள். சோகத்துக்கென்றே உள்ள முகாரி ராகம். தாழ்ந்த குரலில், ஒவ்வொரு ஸ்வரத்தையும் அழுத்திப் பாடினாள். பாடும்போதே கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டாள். பாட்டு முடிந்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அபயாம்பாளிடம் நீட்டினாள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இது எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றாள்.

அபயாம்பாள் தண்ணீரைக் குடித்தாள்.

"அந்தக் கேசட்டுல இருக்கறது?"

"அதுவா? டீச்சர் குடுத்தாங்க. நெறைய பேரு பாடியிருக்காங்க. நான் இந்த ஒரு பாட்டைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்குவேன்."

"ஏன்?"

அந்தப் பெண் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கற்களைப் பொறுக்கிப் போட்டாள்.

"நான் போனா எல்லாரும் பேச்சை நிறுத்திடுறாங்கம்மா. கொழாயடியில சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. என்னக் கண்டதும் மூஞ்சி மாறிடும். என் தங்கச்சிக்கு மாசியில ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. அத எங்கிட்ட அவ குத்தம் பண்ணினவ மாதிரி வந்து சொல்லுறா. புள்ளையக் கையில குடுக்கவே பயப்படுறா." டேப் ரெக்கார்டரைக் கண்ணால் காட்டினாள். "இந்தம்மா சந்தோஷமாப் பாடுறாங்க. எங்க எழவுக்காகப் பாடுனதுன்னு அட்டையில போட்டிருக்காம், டீச்சர் படிச்சுச் சொன்னாங்க. ஆனா இவங்களுக்கு அது மறந்தே போச்சு. கேட்டாலே தெரியுது. இவங்க ஒருத்தர்தான் என்னப் பாத்து நிறுத்தல."

பக்கத்துக் கொட்டகையில் யாரோ மீன் கழுவும் சத்தம் கேட்டது.

புறப்படும்போது அந்தப் பெண் அபயாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வந்ததற்காக வருத்தப்பட்டாள். மறுபடி வரச் சொன்னாள். அவர்கள் பத்தடி தள்ளிப் போனதும் பின்னால் டேப் ஓட ஆரம்பித்தது. விட்ட இடத்திலிருந்து.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு பூவரச மரம் இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து அபயாம்பாள் பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மடித்து உள்ளே வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

"அக்கா."

"சொல்லு."

"அப்படின்னா நான் அன்னைக்குச் சந்தோஷப்பட்டதுல தப்பில்ல, இல்லையா?"

நீலாயதாட்சி குடையை மடக்கினாள். சாலையின் கோடியில் பேருந்து தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன அபயம்?"

அபயாம்பாள் அதைக் கேட்கவே இல்லை.

பேருந்து வந்து நின்றது. யாரும் ஏறாததைக் கண்டு நடத்துனர் விசில் கொடுத்தார். பேருந்து போயிற்று.

அபயாம்பாள் கொட்டகைகள் இருந்த பக்கம் திரும்பி நடந்தாள்.