நாலு மணி கோல்டு காபி

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குரு பூங்கோதை அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மனதில் குழப்பம் வந்தால் அம்மையைப் பார்க்கத் தென்காசிக்கு பஸ் ஏறிவிடுவார். குழப்பம் அவருக்கு அடிக்கடி வரும்.

இந்த முறை வந்தது கோல்டு காபியால்.

அவர் மனைவி கோமதிக்குக் கோடைக்காலத்தில் நாலு மணி என்றால் கோல்டு காபி. கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, இனி தொடக்கூடாது என்றார் டாக்டர். கோமதி அன்றைக்கே நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் ஆவுடையப்பன் நிம்மதியாக இருந்திருப்பார். நாலு மணிக்கு அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவள் குடிக்கக்கூடிய ஒன்றைத் தானே செய்வதென்று அடுக்களைக்குள் நுழைந்தார். செய்தும் கொடுத்தார். பக்கத்திலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு? சொல்லு. எப்படி இருக்கு?"

கோமதி டம்ளரைக் கீழே வைத்தாள். "காபி குடிச்ச டம்ளரைக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. அதுலயும் கசப்பு."

மறுநாள் இன்னொன்று. அதற்கு அவள், "உங்களுக்காக வேணும்னா குடிக்கிறேன்" என்றாள். முதல் நாள் திட்டியதே மேல் என்று தோன்றியது அவருக்கு.

பஸ் ஏறிவிட்டார்.

"ஐஸ்கிரீமை எடுத்தேன். கண்டென்ஸ்டு மில்க்கை எடுத்தேன். சர்க்கரையை எடுத்தேன், பாலைப் பாதியாக்கினேன். இன்னும் எதை எடுக்கணும் அம்மா?"

"சர்க்கரை முதல்ல எதுக்குப் போட்டீங்க?"

"கசப்புக்கு."

"கசப்பு எங்கேயிருந்து வந்துச்சு?"

"காபின்னா கசக்காதா?"

பூங்கோதை அம்மை எழுந்து போனார். ஒரு செம்பில் சிக்கரி கலக்காத காபிப் பொடியைக் கொட்டி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார்.

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பச்சைத் தண்ணியில டிகாக்‌ஷன் இறங்குமா அம்மா? கொதிக்கக் கொதிக்க ஊத்தணும். எங்க வீட்டுல மூணு தலைமுறையா அப்படித்தான்."

"இறங்கும் ஐயா. உங்களுக்குத்தான் பொறுக்காது."

செம்பைத் தட்டால் மூடி அவர் கையில் கொடுத்தார். "விடியும்வரைக்கும் திறக்காதீங்க. குடிக்கிறவங்க பக்கத்துல நிக்காதீங்க."

பஸ்ஸில் செம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் தட்டைத் தூக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. பார்க்கவில்லை.

காலையில் வேட்டித் துணியில் வடிகட்டிக் குளிர வைத்தார். நாலு மணிக்கு டம்ளர் நிறைய ஐஸ், பாதிக்குமேல் டிகாக்‌ஷன், மேலே கொஞ்சம் பால். சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை. கோமதியின் முன்னால் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றார். ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய துளசிக்கு மறுபடியும் ஊற்றினார்.

உள்ளே சத்தமில்லை. அவ்வளவுதான், இதுவும் போயிற்று என்று நினைத்தார்.

கடக் கடக்கென்று ஐஸைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க! இங்க வாங்க. எவ்வளவு சர்க்கரை போட்டீங்க? பொய் சொல்லக்கூடாது."

"ஒரு துளிகூட இல்ல."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

கோமதி காலி டம்ளரை நீட்டினாள். "அப்ப இன்னொண்ணு."

அந்த இன்னொண்ணை ஆவுடையப்பன் அவசர அவசரமாகக் கலக்கினார். ஐஸ் தரையில் சிதறியது. "ராஜாவுக்குக் கிரீடம் வந்துட்டுதோ!" என்று கூடத்திலிருந்து கோமதியின் கேலி வந்தது. ஆமாம், வந்துவிட்டது. அவரும் ஒரு டம்ளர் குடித்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே தென்காசியில் இறங்கினார்.

"ஜெயிச்சிட்டேன் அம்மா! அவளே கேட்டு வாங்கிக் குடிச்சா!"

பூங்கோதை அம்மை சிரித்தார்.

"ஆனா ஒண்ணு மட்டும் புரியல. நானும் ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டேதான் வந்தேன். ஒண்ணும் நடக்கல. நீங்க அப்படி எதை எடுத்தீங்க?"

"நான் எதையும் எடுக்கல ஐயா. கொதிதான் கசப்பை இறக்குச்சு. அடுப்பை அணைச்சேன்."