மகுடபூபதியின் வெந்நீர்க் குழாய்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது வெந்நீர்க் கதை. தூரத்தில் உட்கார்ந்தால் வந்து சேருவதற்குள் ஆறிப்போகும்.

மஞ்சக்குன்று என்று ஒரு மலைச்சீமை. மார்கழி வந்தால் அங்கே சேவல்கூடக் கூவ யோசிக்கும். அந்தச் சீமைக்கு ராஜா மகுடபூபதி. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் தங்கமான மனுஷர். குளிக்காமல் வந்தால்தான் பக்கத்தில் நிற்க முடியாது. நான் கோபத்தைச் சொல்கிறேன்.

மேட்டின்மேல் கொப்பரைக் கொட்டகை. அங்கே வெந்நீர் காய்ச்சுகிறவன் தவசி. கொப்பரையிலிருந்து ஒரு செப்புக் குழாய் இறங்கும். அதிகாரிகள் வீட்டுக் கொல்லைகளை ஒட்டியே வளைந்து வந்து ராஜாவின் குளியலறையில் முடியும். பச்சைத்தண்ணீர்க் குழாயும் கூடவே வரும். பச்சைத்தண்ணீர் என்னவோ யானை துதிக்கையால் பீய்ச்சுகிற மாதிரிக் கொட்டியது. வெந்நீர்தான் சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகியது.

ராஜா கத்தினார். பிரதானி நீலகண்டர் விசாரணையை ஏற்றுக்கொண்டார். கொப்பரையைப் பெரிதாக்கினார்கள். விறகைக் கூட்டினார்கள். குழாயில் உப்புப் படிந்திருக்கும் என்று புளித்தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். மாலை போட்டுத் தேங்காயும் உடைத்தார்கள். வெந்நீர் அசையவில்லை. கடைசியில் பிரதானி சபையில் எழுந்தார்.

"மகாராஜா, குழாயில் குற்றமில்லை. கொப்பரையில் குற்றமில்லை. தவசிக்குத்தான் கைராசி இல்லை."

"நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றார் தளவாய். அரண்மனை வைத்தியர், "அவன் நாடியே அப்படித்தான்" என்றார்.

"நாளைக் காலையில் குழாய் நிறைய வெந்நீர் வரவேண்டும்" என்றார் ராஜா. "வராவிட்டால் தவசி குடும்பத்தோடு சீமையை விட்டுப் போகட்டும்."

தவசிக்கு வீட்டில் கைக்குழந்தை. நேரே பொன்னுரங்கத்திடம் ஓடினான். சபையில் ராஜாவைச் சிரிக்கவைக்கிறவன் பொன்னுரங்கம். வாயால் பிழைக்கிறவன்.

"ஐயா, இந்தப் பனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்?"

"கொப்பரை நிறையக் காய்ச்சுகிறாயா?"

"தளும்பத் தளும்ப."

"அத்தனையும் குழாயில் இறங்குகிறதா?"

"இறங்குகிறது, ஐயா. ஆனால்..." தவசி குரலைத் தாழ்த்தினான். "விடிந்தால் பிரதானி வீட்டுக் கொல்லையில் ஆவி பறக்கிறது. வைத்தியர் வீட்டிலும் அப்படித்தான். தளவாய் வீட்டில் குதிரைகூட வெந்நீரில்தான் குளிக்கிறது."

"சபையில் சொல்வதுதானே?"

"யாரிடம் சொல்ல? விசாரிக்கிறவரே பிரதானி. நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டையை அடைத்துவிடுவார். அப்புறம் என் வாயையும் அடைப்பார்."

பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டான்.

"பச்சைத்தண்ணீரை ஒருத்தரும் தொடவில்லை பார். அவ்வளவு நாணயம். சரி, நாளைக்குச் சபையில் நான் எதைச் சொன்னாலும் ஆமாம் போடு. அழுகை வந்தால் அழு, அடக்காதே."

மறுநாளும் வெந்நீர் ஒழுகத்தான் செய்தது. ராஜா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சபைக்கு வந்தார்.

"தவசி, மூட்டை கட்டியாயிற்றா?"

பொன்னுரங்கம் குறுக்கே வந்து நின்றான். "மகாராஜா, அவனை அனுப்புமுன் ஒரு சங்கதி. தொட்டாலே தடித்து அரிக்குமே காஞ்சொறி, அது விறகுக் கட்டில் சிக்கி வந்திருக்கிறது. காலையில் கொத்தோடு கொப்பரைக்குள் விழுந்துவிட்டதாம். இவன் கவனிக்காமல் கொதிக்கவிட்டுவிட்டான்."

"ஆமாம்" என்று தவசி அழுதான். அந்த அழுகை மட்டும் நிஜம்.

"காஞ்சொறி வெந்த தண்ணீர் உடனே ஒன்றும் செய்யாது. வெயில் ஏறவேண்டும். முதலில் பிடரி. அப்புறம் முதுகு. அதற்கப்புறம் சபையில் சொல்லக்கூடாத இடம்."

பிரதானியின் கை தலைப்பாகையைச் சரிசெய்கிற மாதிரி மேலே போய், பிடரியிலேயே தங்கிவிட்டது. தளவாய் மெல்ல நகர்ந்து தூணில் முதுகைத் தேய்த்தார், எருமை மாதிரி. வைத்தியருக்கு மட்டும் சந்தேகம். "காஞ்சொறியைக் கொதிக்கவைத்தால் அரிப்பு போய்விடும் என்றல்லவா நூலில்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு அக்குளைச் சொறிந்தார்.

ராஜா தன் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். காத்திருந்தார். ஒன்றுமில்லை.

"நானும்தானே காலையில் குளித்தேன்? எனக்கு ஏன் அரிக்கவில்லை?"

"தங்களுக்கு எப்படி அரிக்கும், மகாராஜா? தங்கள் வரைக்கும் வந்து சேர்ந்தால்தானே?"

ராஜா பிரதானியைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். வைத்தியரின் அக்குளைப் பார்த்தார். கிரீடம் சரியும்படி சிரித்தார்.

"அந்தக் காஞ்சொறியை எடுத்தாயிற்றா?"

"கொப்பரையில் ஓர் இலைகூட விழவில்லை, மகாராஜா. இவர்கள் காதில்தான் விழுந்தது."

மார்கழி முடியும் வரைக்கும் மூன்று பேரும் ராஜா கண்ணெதிரே பச்சைத்தண்ணீரில் குளிக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பொன்னுரங்கத்துக்குப் பட்டுச் சால்வை. ஓட்டைகளை அடைக்கிற வேலை தவசிக்கு.

சாயங்காலம் தவசி ஒரு பை நிறைய மரமுளைகளோடு குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். பிரதானி கொல்லையில் ஒன்று அடித்தான். குதிரை லாயத்தில் ஒன்று, வைத்தியர் வீட்டில் ஒன்று. அரண்மனை மதிலுக்கு முந்தின கொல்லையில், பூசணிக்கொடிக்குப் பின்னால், டொக் டொக் என்று சத்தம் கேட்டது. கொடியை விலக்கினான்.

புதுச் சால்வையோடு தன் வீட்டுக் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுண்டுவிரல் பருமன் ஓட்டை ஒன்றில் முளை அடித்துக்கொண்டிருந்தான் பொன்னுரங்கம்.

"ஐயா, இது..."

பொன்னுரங்கம் சுத்தியலைக் கீழே வைத்தான். சால்வையை ஒதுக்கிக்கொண்டு, பிடரியைச் சொறிந்தான்.