பல்மோவைக் கூப்பிட்ட குரல்

விலங்குகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், இமயமலையில் ஒரு கணவாய்க்கு மேலே யாங்கி என்ற பனிச்சிறுத்தை வாழ்ந்து வந்தாள். அவள் கர்ஜித்தால் நான்கு மலைக்குக் கேட்கும்.

குளிர்காலம் வந்ததும் மேட்டுப் புல்வெளியில் இருந்த உயிர்களெல்லாம் கீழ்ப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும். இறங்கும் நாட்களில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்பது மலையின் சட்டம். பனியைச் சோதித்து வழி சொல்வது பல்மோ என்ற மலையாட்டின் வேலை. அவள் சொன்னதை எல்லோருக்கும் கேட்க முழங்குவது யாங்கியின் வேலை. ஆறு குளிர்காலம் இருவரும் சேர்ந்தே இதைச் செய்தார்கள். மற்ற நாட்களிலும் யாங்கி பல்மோவின் மந்தைப் பக்கம் வேட்டைக்குப் போனதில்லை.

அந்த வருடம் பனி முந்திக்கொண்டு வந்தது. கொஞ்சம் பெய்துவிட்டு நின்றது. பிறகு பதினைந்து நாள் வானம் பளிச்சென்று கிடந்தது. குளிர் மட்டும் எலும்பைத் துளைத்தது. அதன்பின் மூன்று நாள் காற்றோடு விடாமல் கொட்டியது.

நான்காம் நாள் காலையில் பல்மோ சரிவின் ஓரத்தில் குளம்பால் மண் தெரியும்வரை தோண்டினாள்.

"மேல்பனியைப் பார், யாங்கி. கெட்டித் தயிர்போல் இறுகிக் கிடக்கிறது. அடியில் கை வைத்துப் பார்."

யாங்கி பாதத்தை விட்டுப் பார்த்தாள். அடிப்பனி ஒட்டவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது.

"ரவை மாதிரி இருக்கிறதே!"

"அந்த ரவையின்மேல்தான் இத்தனை பாரமும் உட்கார்ந்திருக்கிறது. மிதித்தால் மொத்தச் சரிவும் வழுக்கிக்கொண்டு போகும். முகட்டு வழியாகச் சுற்றிப் போவோம். அங்கே காற்று பனியைத் தங்க விடாது. இரண்டு நாள் நடை கூடும், அவ்வளவுதான்."

யாங்கி திரும்பிப் பார்த்தாள். பின்னால் கஸ்தூரி மான்கள் நின்றிருந்தன. மூன்று நாள் பட்டினியில் குட்டிகளுக்குக் கால் தள்ளாடியது.

"இரண்டு நாள் இந்தக் குட்டிகள் தாங்குமா, பல்மோ? சரிவைத் தாண்டினால் மதியத்துக்குள் புல் கிடைக்கும். போன வருடம் இதே வழியில்தானே போனோம்?"

"போன வருடப் பனி வேறு."

"நீ எப்போதும் இப்படித்தான் பயப்படுவாய்."

பல்மோ சரிவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சரி, நான் முதலில் போய்ப் பார்க்கிறேன். நான் அந்தப் பக்கம் சேரும்வரை ஒருவரும் காலை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

பாதிச் சரிவு வரை ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பனிக்குள்ளிருந்து 'தும்' என்று ஒரு சத்தம் வந்தது. பல்மோவுக்கு மேலே மயிரிழைபோல் ஒரு கீறல் ஓடியது.

பல்மோ அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி, வந்த தடத்திலேயே ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துத் திரும்பி வரத் தொடங்கினாள். ஓர் அடி. இன்னோர் அடி. யாங்கி அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"பல்மோ! ஓடி வந்துவிடு!"

நான்கு மலையும் அதிர்ந்தன. ஆறு வருடமாக அந்தக் குரல் எழுந்ததும் கால்கள் தாமாகக் கிளம்பிப் பழகியிருந்தன. பல்மோ துள்ளி ஓடினாள். மூன்றாவது துள்ளலில் சரிவு முழுவதும் உடைந்து அவளை வாரிக்கொண்டு போனது.

விழுந்து நின்ற பனி கல்லாக இறுகிவிட்டது. யாங்கி நகம் பெயரத் தோண்டினாள். மான்களும் குளம்பு தேயத் தோண்டின. மதியம் தாண்டி ஒரு கொம்பின் நுனி தெரிந்தது. பல்மோவின் மூச்சே அவள் மூக்கைச் சுற்றிப் பனிக்கட்டியாக உறைந்திருந்தது; உயிர் போயிருந்தது.

"அந்தச் சரிவு எப்படியும் விழுந்திருக்கும், அக்கா" என்றது ஒரு தாய் மான்.

"மெல்ல வந்துகொண்டிருந்தாளே. நான்தான் ஓடச் சொன்னேன்" என்றாள் யாங்கி.

அவர்கள் முகட்டு வழியாகவே போனார்கள். இரண்டு நாள் ஆனது. ஒரு குட்டிகூடச் சாகவில்லை. அதைத்தான் யாங்கியால் தாங்க முடியவில்லை.

அடுத்த குளிர்காலம் விலங்குகள் வந்து, "புறப்படலாம், குரல் கொடு" என்று கேட்டன. யாங்கி வாயைத் திறந்தாள். வெள்ளையாகப் பரந்து கிடந்த சரிவைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, நீண்ட வாலை எடுத்து அதன்மேல் சுற்றிக்கொண்டாள். அவளுக்குப் பிறந்த குட்டிகளும் அவளைப் பார்த்து அப்படியே வளர்ந்தன.

அன்று முதல்தான் பனிச்சிறுத்தைக்குக் கர்ஜனை இல்லாமல் போனது. இன்றைக்கும் அது பாறையில் படுத்தால், தப்பித்தவறி யாரையாவது கூப்பிட்டுவிடுவோமோ என்று பயப்படுவதுபோல், வாலால் வாயைப் பொத்திக்கொண்டுதான் தூங்குகிறது.