முப்பதாவது கம்பம்

"கணக்கு சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்."

பொன்னுரங்கம் கதவைத் தள்ளிக்கிட்டு வந்த வேகத்துலயே கேட்டார். உக்காரக்கூட இல்ல.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தா. "சரிதாண்ணே."

"அப்புறம் எதுக்கு நாளைக்கு விசாரணையில என்னைய நிக்க வெக்கிறானுங்க?"

அவ ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினா.

அவளுக்கு இருபத்தெட்டு வயசு. அவருக்கு நாப்பத்தொம்பது. ஆனா அந்த அணையோட கன்ட்ரோல் ரூம்ல அவதான் வாத்தியார், அவர்தான் மாணவன். இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல கம்பம் ஏறி ஒயர் இழுத்த மனுஷனை, இனிமே நெட்வொர்க் பாருன்னு தூக்கி இங்க போட்டாங்க. ஆறு மாசமா அவ சொல்லிக் குடுத்தா. ஆறு மாசமும் அவர் சண்டை போட்டுக்கிட்டேதான் கத்துக்கிட்டார்.

அணையில தண்ணி திறந்தா, ஆத்தோரமா இருக்கற முப்பது இடத்துலயும் சைரன் ஊதணும். இடத்துக்கு ஒரு கம்பம். கம்பத்துக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு நம்பர்.

நம்பர் இல்லாத பெட்டியை யாராலயும் கூப்பிட முடியாது.

போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல்ல, தண்ணி திறந்தாங்க. இருபத்தொம்பது கம்பம் ஊதுச்சு. ஒண்ணு ஊதல.

அங்க நாலு பேர் செத்துட்டாங்க.

"இப்பவே காட்டுறேன்" என்றார் பொன்னுரங்கம். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். கறுப்புத் திரையில, நெட்வொர்க் நம்பரைக் கணக்குப் போட்டுக் காட்டற ஐபிகால்க்கோட பேரை அடிச்சார். பக்கத்துலயே 10.40.7.0/27.

கண் சிமிட்டறதுக்குள்ள திரையில வரிவரியா வந்து நின்னுச்சு.

"பாருங்க! நல்லா பாருங்க! இருபத்தேழுன்னு அடிச்சா முப்பத்திரண்டு நம்பர் உள்ள ஒரு துண்டு. முதல் நம்பர் அந்தத் துண்டோட பேரு, யாருக்கும் தரக்கூடாது. கடைசி நம்பர் எல்லாரையும் ஒண்ணாக் கூப்பிடறதுக்கு, அதையும் தரக்கூடாது. மிச்சம் முப்பது. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"ஆமா."

"அதுல ஒண்ணு இந்த ரூம் ரௌட்டருக்கு. மிச்சம்?"

"இருபத்தொம்பது."

"லிஸ்ட்ல இருக்கறது முப்பது கம்பம். இடிக்குது. ஒண்ணை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். இதுல என் தப்பு என்ன? திரையில இல்லாத நம்பரை நான் எங்க போய் பெத்து எடுத்துட்டு வர்றது?"

"எதை விட்டீங்க?"

"கடைசியை."

"ஏன் கடைசி?"

"கடைசியில இருந்துச்சு, விட்டேன்! இடம் பத்தலேன்னா கடைசியை விடாம நடுவுலயா விடுவாங்க?"

கடைசி வரி, வாய்க்காப்பட்டி காலனி. தாலுகா ஆபீஸ்ல இருந்து எந்த லிஸ்ட் வந்தாலும் அது கடைசி வரியாத்தான் வரும்.

பொன்னுரங்கம் விடல.

"அந்த ஜனங்களுக்கும் கொஞ்சம் புத்தி வேணாமா? பக்கத்து ஊரு சைரன் அவங்களுக்கும் கேட்டிருக்கும்ல? எழுந்து ஓட வேண்டியதுதானே?"

"கேட்டுச்சாம்."

"அப்புறம்?"

"நமக்குன்னா நம்ம கம்பத்துல ஊதுவாங்கன்னு இருந்துட்டாங்களாம்."

அவர் அந்தக் கோபத்துக்கு வேற ஆள் தேடினார்.

"கம்பத்துக்கு நம்பர் பிரிச்ச தாள்ல நீங்களும்தானே கையெழுத்து போட்டீங்க?"

"போட்டேன். நாளைக்கு நானும்தான் நிக்கப்போறேன்."

"என்னத்தைப் பாத்துப் போட்டீங்க?"

"கூட்டலைப் பாத்தேன், கழித்தலைப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

"ஆங்! அதை எழுதிக் குடுங்க. கணக்குல தப்பு இல்லன்னு ஒரே ஒரு வரி. பதினோரு வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கு எனக்கு. நீங்க பொறந்தப்ப நான் கம்பத்து மேல இருந்தவன். இந்த வயசுல சஸ்பெண்ட் ஆகித் தொங்கிட்டு நிக்க முடியாது."

ஜெசிந்தா ஒரு தாளை எடுத்தா. ஒரு வரி எழுதினா. கையெழுத்து போட்டா. ஆனா குடுக்கல. தாளை முழங்கையால அழுத்திக்கிட்டா.

முப்பது கம்பம் இருந்த அந்த லிஸ்டை எடுத்தா. கத்தரிக்கோலை எடுத்து வரிவரியா வெட்டினா.

காலனின்னு எழுதியிருந்த சீட்டை டிராயருக்குள்ள வெச்சா. மத்த இருபத்தொம்பதையும் மேஜை மேல பரப்பினா.

"என்ன மேடம் இது, சின்னப்புள்ள விளையாட்டு?"

"கணக்கு அதேதாண்ணே. காலனிக்கு நம்பர் குடுத்தாச்சு. இப்ப இதுல ஒண்ணு வெளிய போகணும். எதுன்னு எடுங்க. எடுத்துட்டு, இந்தத் தாளை வாங்கிட்டுப் போங்க."

"இவ்வளவுதானே?"

கைக்கு வந்த சீட்டை எடுத்தார். கோயில் தெரு.

கீழ வெச்சார். "இதை விட்டா தேர் அன்னைக்கு என்னைய உரிச்சுத் தொங்கவிட்டுடுவானுங்க."

அடுத்தது நத்தமேடு. "இங்க பிரசிடென்ட் வீடு இருக்கு."

அடுத்தது ஆலைமேடு. "மில்லுக்காரன் போன் போட்டே கொன்னுடுவான்."

அடுத்தது சந்தைப்பேட்டை. "நாலு பேர் வந்து போற எடம். மறுநாளே பேப்பர்ல போட்டுடுவானுங்க."

அடுத்த சீட்டைப் பாத்தார். அது அவர் மச்சினன் ஊரு. ஒண்ணும் சொல்லாம வெச்சுட்டார்.

"இந்தா, இது சின்ன ஊரு. மொத்தமே பத்து வீடு" என்றார். முகத்துல ஒரு தெளிவு. சீட்டைத் தூக்கிப் பிடிச்சார். கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னார்.

"அந்தப் பத்துல ஒருத்தன் வக்கீலு" என்றார்.

அதையும் வெச்சார்.

இருபத்தொம்பதையும் பாத்து முடிச்சார். மறுபடி முதல்ல இருந்து பாத்தார். ஃபேன் காத்துக்கு ஒரு சீட்டு நகர்ந்துச்சு. பதறிப்போய் அதைப் பிடிச்சு, இருந்த எடத்துலயே வெச்சார்.

"எடுத்தாச்சாண்ணே?"

"இருங்க."

அவ இருந்தா.

"எடுத்தாச்சா?"

பொன்னுரங்கம் மேஜையை ஓங்கித் தட்டினார். சீட்டெல்லாம் துள்ளுச்சு.

"எதுக்கு எடுக்கணும்? எதுக்குங்கறேன்! எதையும் எடுக்க வேணாம்! இருபத்தேழுன்னு அடிக்கற எடத்துல இருபத்தாறுன்னு அடிச்சா, முதலும் கடைசியும் போக அறுபத்திரண்டு நம்பர் வருது! ஒரே ஒரு எழுத்து மாத்தணும், அவ்வளவுதான்! பெரிய துண்டா குடுங்கன்னு மேலாபீஸுக்கு ஒரு லெட்டர் போட்டா பத்து நாள்ல குடுக்கப் போறான்! குடுக்கலேன்னா நான் போய் அவன் வாசல்ல உக்காந்து வாங்கிட்டு வர்றேன்! இதுகூடத் தெரியாதவனா நான்? மூணாம் நாளே நீங்க சொல்லிக் குடுத்த பாடம் மேடம் இது!"

ஜெசிந்தா தாள் மேல இருந்த கையை எடுத்தா.

அதுக்கப்புறம்தான், தான் சொன்னது அவர் காதுல விழுந்துச்சு.